போலி அரசர்களின் ஊர்: சபா மேடையும் தமிழின் எதிர்கால அச்சமும்

1971 மார்ச் மாதத்தில் ஒன்றையொன்று அறியாத இரண்டு படங்கள் வெளிவந்தன. ஒன்று அமெரிக்காவில், ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய முதல் முழுநீளப் படமான ‘டி.எச்.எக்ஸ். 1138’. அதில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். தலையை மழித்து, மாத்திரை கொடுத்து, உணர்ச்சியை அடக்கிப் பூமிக்கடியில் வைத்திருக்கிறார்கள். அப்படியொரு நகரத்தைக் கட்டப் பணம் இல்லாததால், சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் அப்போது கட்டி முடிக்கப்படாமல் கிடந்த ரயில் சுரங்கங்களில் படம்பிடித்தார்கள். இன்னொன்று சென்னையில் வந்தது: சோ ராமசாமி முதன்முதலாக இயக்கிய ‘முகமது பின் துக்ளக்’. இதில் சுரங்கமும் இல்லை, இயந்திரமும் இல்லை. வேடம் கட்டிய இரண்டு பேரும் அவர்களை நம்பிவிடும் ஒரு நாடும்தான் இருக்கிறார்கள்.

அறிவியல் புனைகதைப் படம் என்று இதை யாரும் பட்டியலிட்டதில்லை. அரசியல் நையாண்டி என்றே பேசியும் எழுதியும் வந்திருக்கிறோம். ஆனால் கதையின் அஸ்திவாரத்தைப் பாருங்கள். பதினான்காம் நூற்றாண்டில் இறந்த டில்லி சுல்தான் முகமது பின் துக்ளக்கும் அவர் காலத்து ஊர்சுற்றி இபின் பதூதாவும் 600 ஆண்டுகளுக்கு மேல் கல்லறைக்குள் உயிரோடு இருந்து, தோண்டும்போது எழுந்து வருகிறார்கள். நம் காலத்தைப் பார்க்கிறார்கள், தேர்தலில் நிற்கிறார்கள், நாட்டை ஆள்கிறார்கள். நடக்கவே முடியாத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொண்டு, அதன் பிறகு எல்லாவற்றையும் கறாரான தர்க்கத்தோடு நடத்திச் செல்வதுதான் விஞ்ஞானக் கதையின் அடிப்படை வேலை. ஆட்சி அழுகி, அந்த அழுகலே விதியாகிவிடும் நாட்டைக் காட்டும் கதையை உலகம் டிஸ்டோபியா என்கிறது. துக்ளக் முடியும் இடம் அதுவேதான். தமிழில் இந்த வகை கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களில் பிறக்கவில்லை, மயிலாப்பூர், தியாகராய நகர் சபா மேடைகளில் பிறந்தது என்பதும், பணமில்லாத அந்த மேடையே அதன் கருவையும் தீர்மானித்தது என்பதும் என் வாதம்.

சபா நாடகத்தின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், தியாகராய நகர் வாணி மகால், கிருஷ்ண கான சபா போன்ற அமைப்புகள் உறுப்பினர் சந்தாவில் நடப்பவை. கச்சேரிக்கும் நாட்டியத்துக்கும் நடுவே நாடகத்துக்கும் மாலைகளை ஒதுக்கின. அங்கே நாடகம் போட்டவர்கள் பெரும்பாலும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். கே. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் இருந்தார். சோ சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகத் தொழில் பார்த்துவிட்டு டி.டி.கே. நிறுவனத்துக்குச் சட்ட ஆலோசகரானார். பூர்ணம் விஸ்வநாதன் வானொலிக்காரர், 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. ஆபீஸ் முடிந்து ஒத்திகை, வார இறுதியில் நாடகம். இன்று ஒரு சபா, நாளை வேறொன்று என்பதால் அரங்கப் பொருள் எதுவும் ஒரு வேனில் அடங்க வேண்டும். சோபா, டீப்பாய், சுவரில் ஒரு காலண்டர், இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாசல்: சமூக நாடகத்தின் உலகம் இதற்குள் முடிந்தது.

நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியும் மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸும் மேடையில் தந்திரக் காட்சிகளால் மலைக்க வைத்த மரபும் தமிழ்நாட்டில் உண்டு. இலங்கேஸ்வரனுக்கு அது பொருந்தியது. சபாவின் அமெச்சூர் குழுக்களுக்கு அந்த வழி கிடையாது. அவர்களிடம் இருந்தது வசனம். ஆகவே அவர்கள் ஒரு எதிர்காலத்தையோ வேற்றுலகத்தையோ காட்ட நினைத்தால், அதைப் பேச்சாலேயே காட்ட வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் அந்த வாசல் வழியாக உள்ளே வர வேண்டும், சோபாவில் உட்கார வேண்டும், வீட்டுக்காரர்கள் அவரை என்ன செய்கிறார்கள் என்பதே கதையாக வேண்டும். வந்தவர் யார் என்பதைவிட, வரவேற்கிறவர்கள் யார் என்பதில் வெளிச்சம் விழும். என் பார்வையில் தமிழ் டிஸ்டோபியாவின் தனித்தன்மை முழுவதும் இந்தக் கட்டாயத்திலிருந்தே கிளைத்தது.

சோ 1934 அக்டோபர் 5 அன்று மயிலாப்பூரில் பிறந்தவர். பி.எஸ். உயர்நிலைப் பள்ளி, லயோலா, விவேகானந்தா கல்லூரி, பிறகு சட்டக் கல்லூரி. அவருடைய குழுவான விவேகா ஃபைன் ஆர்ட்ஸின் பெயரிலேயே கல்லூரியின் வாசனை இருக்கிறது. துக்ளக் நாடகம் 1968இல் மேடையேறியது. அந்த ஆண்டின் காற்றை நினைவில் கொள்ளாமல் அதன் நகைச்சுவையைப் புரிந்துகொள்ள முடியாது. 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உயிர்கள் போயிருந்தன. 1967இல் காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஆட்சியை இழந்து அண்ணா முதலமைச்சரானார். 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. அதே நேரத்தில் வடக்கே சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி மாறுவது அன்றாடச் செய்தியாகிவிட்டது. அரியானாவில் கயா லால் 1967இல் சில நாட்களுக்குள் மாறி மாறித் தாவியதுதான் ‘ஆயா ராம் கயா ராம்’ என்று நாடு முழுவதும் பழமொழியானது. டில்லியில் மொரார்ஜி தேசாய்க்குத் துணைப் பிரதமர் பதவி கொடுத்து ஒரு கட்சிக்குள்ளேயே சமாதானம் செய்துகொண்டிருந்தார்கள்.

மொழிச் சண்டை, லஞ்சம், கட்சித் தாவல் ஆகிய மூன்றையும் துக்ளக் எப்படித் தீர்த்துவைக்கிறார்? மொழிச் சண்டையா, பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்கு. யாருக்கும் தெரியாத மொழி என்பதால் யாருக்கும் சலுகை இல்லை. லஞ்சமா, அதைச் சட்டப்படி அனுமதித்துவிடு. கட்சித் தாவலா, என் பக்கம் வருகிற எம்.பி.க்கள் அத்தனை பேரையும் துணைப் பிரதமர் ஆக்குகிறேன். கோமாளித்தனமாகத் தோன்றும் இந்தத் தீர்வுகளில் ஒவ்வொன்றும் அந்தந்தப் பிரச்சினைக்கு அன்றைய அரசியல் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்த தீர்வை இரண்டடி முன்னே தள்ளிவிட்டதுதான். ஒரு துணைப் பிரதமர் பதவி ஒருவரைச் சமாதானம் செய்யும் என்றால் நானூறு பதவிகள் நானூறு பேரைச் சமாதானம் செய்யும். இருப்பதை அதன் திசையிலேயே இழுத்து நீட்டுவது என்ற இந்த முறையை அறிவியல் புனைவு எழுதுகிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். சோ அதை ஒரு வக்கீலின் மூளையோடு செய்தார். எதிர்த்தரப்பின் வாதத்தை ஏற்றுக்கொண்டு, அதை அபத்தத்தின் விளிம்புவரை கூட்டிப்போய் அங்கேயே நிறுத்திவிடுவது வழக்கு மன்றத்துப் பழக்கம்.

பாத்திரத் தேர்வும் யோசித்துச் செய்ததுதான். 1325 முதல் 1351 வரை ஆண்ட துக்ளக், தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றியதற்கும் வெள்ளிக்குப் பதில் செம்பு நாணயம் புழக்கத்தில் விட்டதற்கும் பள்ளிப் புத்தகங்களில் இடம்பெற்றவர். எந்தச் சபா ரசிகருக்கும் அறிமுகம் தேவையில்லை. இபின் பதூதா சில ஆண்டுகள் டில்லியில் துக்ளக்கின் காஜியாக இருந்தவர். அவருக்குத் தமிழ்நாட்டோடு உறவும் உண்டு. மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாமகானியின் மனைவியும் பதூதாவின் மனைவியும் உடன்பிறந்தவர்கள். அந்த உறவை வைத்து அவர் 1340களில் மதுரைப் பக்கம் வந்து, அந்தச் சுல்தானின் கொடுமைகளைத் தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பார்த்ததை மறைக்காமல் எழுதிய பயணியையே தன் நாடகத்தில் உண்மையைச் சொல்லும் பாத்திரமாக ஆக்கினார் சோ.

இதே சென்னையில் அதே ஆண்டுகளில் இன்னொரு துக்ளக்கும் இருந்தார் என்பது பலருக்கு மறந்துபோன செய்தி. கிரீஷ் கர்னாட் 1963 முதல் 1970 வரை சென்னையில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் பணியாற்றினார். கன்னடத்தில் அவர் எழுதிய ‘துக்ளக்’ 1964இல் வந்தது. நேரு காலத்தின் கனவும் கசப்பும் கலந்த நாடகம் என்று அதை இந்தியா முழுவதும் கொண்டாடுகிறார்கள். கர்னாடின் சுல்தான் உயர்ந்த லட்சியத்தோடு தொடங்கி ரத்தத்தில் முடிகிறார். அந்த நாடகத்திலும் ஒரு போலி உண்டு. கலீபா வம்சத்தவரைக் கொன்றுவிட்டு அவராக நடித்து நாட்டுக்குள் வரும் அஜீஸை சுல்தானே நேரில் வரவேற்கிறார். கர்னாடுக்குத் துன்பியல் மன்னனிடம் இருந்தது, போலி ஒரு துணைக்கதை. சோ அந்தப் போலியையே எடுத்து அரியணையில் வைத்தார். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஆனாலும் பத்தே மைல் சுற்றளவுக்குள் இரண்டு பேர் ஒரே சுல்தானை ஒரே பத்தாண்டில் தட்டி எழுப்பியிருக்கிறார்கள் என்பது அந்தக் காலத்தின் பதற்றத்தைச் சொல்கிறது.

இனி கதையின் முதுகெலும்புக்கு வருவோம். துக்ளக் துக்ளக் அல்ல. பதூதாவும் பதூதா அல்ல. மகாதேவன், ராகவன் என்ற இரண்டு இளைஞர்கள் பயிற்சி பெற்று வேடம் போட்டு வந்திருக்கிறார்கள். மக்கள் எவ்வளவு எளிதில் ஏமாறுகிறார்கள், தலைவர்கள் எவ்வளவு எளிதில் விலைபோகிறார்கள் என்று நிரூபித்துவிட்டு, உரிய நேரத்தில் வேடத்தைக் கலைத்து நாட்டுக்குப் பாடம் புகட்டுவது திட்டம். நேரம் வரும்போது ராகவன் நினைவூட்டுகிறான். மகாதேவன் மறுக்கிறான். பதவி அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. ராகவன் மக்கள் முன்னால் உண்மையைச் சொல்கிறான். மகாதேவன் தன் நாவன்மையால் கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பி, அவனைத் துரோகி என்கிறான். கூட்டத்தின் கையில் ராகவன் உயிர் போகிறது. துக்ளக் பிரதமராகவே நீடிக்கிறார்.

நகைச்சுவைப் படம் பார்க்கப் போனவர்கள் இந்த முடிவோடு வீட்டுக்குப் போனார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. எம்.ஜி.ஆரின் ‘ரிக்‌ஷாக்காரன்’ வெளிவந்த ஆண்டு அது. தமிழ் சினிமாவில் கெட்டவன் கடைசி ரீலில் அகப்பட வேண்டும், போலீஸ் வர வேண்டும். இங்கே யாரும் வரவில்லை. விசாரணை, மனமாற்றம், தண்டனை ஒன்றும் இல்லை. ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் வின்ஸ்டனை உடைக்க ஒரு சித்திரவதைக் கூடம் வேண்டியிருக்கிறது, வீட்டுக்கு வீடு கண்காணிக்கும் திரை வேண்டியிருக்கிறது. துக்ளக்குக்கு ஒரு மைக் போதும். அவரை மக்கள் சகித்துக்கொள்ளவில்லை, விரும்பி ஏற்றிருக்கிறார்கள். அடக்குமுறை வெளியிலிருந்து வந்து இறங்கும் என்று ஐரோப்பிய டிஸ்டோபியா அஞ்சியது. அதற்கு நாமே ஆரத்தி எடுப்போம் என்று மயிலாப்பூர் டிஸ்டோபியா அஞ்சியது.

நாடகம் பேர் வாங்கியதும் 1970 ஜனவரி 14 அன்று சோவின் ‘துக்ளக்’ பத்திரிகை தொடங்கியது. அடுத்த ஆண்டு படம். பிரெஸ்டீஜ் புரொடக்‌ஷன்ஸ் நாராயணன் தயாரிக்க, எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்தார். அல்லாவைப் புகழும் பாடலை அவரே பாடியதும் அது இன்றுவரை வானொலிகளில் ஒலிப்பதும் தெரிந்ததே. படமாகப் பார்த்தால் அது மேடையை விட்டு அதிகம் நகரவில்லை. கறுப்பு வெள்ளை, நீண்ட பேச்சுக் காட்சிகள், நாடகக் குழுவின் முகங்கள். கேமரா பல இடங்களில் முன்வரிசை ரசிகரைப் போல அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லும் விமர்சனம் நியாயமானதுதான். ஆயினும் ஒரு காரியத்தை அந்த மலிவு சாதித்தது. கனவுக் கோட்டை போல் செட் போட்டிருந்தால் துக்ளக் ஆட்சி வேறொரு நாட்டின் கதையாகிப் போயிருக்கும். பத்திரிகையாளர் சந்திப்பு, பொதுக்கூட்ட மேடை, அமைச்சரின் அறை என்று பார்த்துப் பழகிய இடங்களிலேயே அபத்தம் நடந்ததால், படத்துக்கும் மறுநாள் காலைச் செய்தித்தாளுக்கும் நடுவே சுவர் எழவில்லை. கோதார் 1965இல் ‘ஆல்ஃபவில்’ எடுத்தபோது ஒரு செட்கூடப் போடாமல் இரவு நேரப் பாரிஸையே வேற்றுக் கிரகத்து நகரமாகக் காட்டினார். இருக்கும் ஊரே போதும் என்று அவர் கலைக்காக எடுத்த முடிவைச் சோ கைக்காசின் அளவு பார்த்து எடுத்தார். இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

வெளியான நேரமும் கவனிக்கத்தக்கது. 1971 மார்ச் முதல் பத்து நாட்களில் நாடு பொதுத்தேர்தலில் வாக்களித்தது. தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கும் சேர்த்தே தேர்தல். அந்த வாரத்தில்தான் படம் திரைக்கு வந்தது. தி.மு.க. 184 இடங்களில் வென்றது. அதுவரை எந்தக் கட்சியும் தமிழ்நாட்டில் அவ்வளவு இடங்களைப் பெற்றதில்லை.

இந்த எண்ணை எதிரே வைத்துக்கொண்டு படத்தின் பெரிய பலவீனத்தையும் பேச வேண்டும். துக்ளக்கில் மக்கள் என்பவர்கள் ஒரு கூட்டம். கைதட்டுவார்கள், கோஷம் போடுவார்கள், கல்லெடுப்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஒரு வீடு இல்லை, ஒரு குறை இல்லை, வாக்களிப்பதற்கு ஒரு காரணம் இல்லை. சபாவில் முன்னால் உட்கார்ந்திருந்த நடுத்தர வர்க்கம், அதிலும் 1967க்குப் பின் அரசியல் அதிகாரம் தன் கையை விட்டுப் போனதாக உணர்ந்த பிரிவினர், தங்களை அந்தக் கூட்டத்தின் வெளியே வைத்துக்கொண்டுதான் சிரித்தார்கள். தமிழ்ப் பற்றை ஒரு பெண் பாத்திரத்தின் மேல் ஏற்றிக் கேலி செய்த இடங்களை இன்று பார்க்கும்போது, மொழிக்காக உயிர்கள் போன மூன்று ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டவை என்ற நினைவு சிரிக்கவிடாது. திராவிட இயக்கத்துக்கு வாக்களித்தவர்களுக்குப் படிப்பும் வேலையும் மரியாதையும் சார்ந்த கணக்கு இருந்தது. அவர்கள் தாடியைப் பார்த்து மயங்கிப்போனவர்கள் அல்லர். ஆட்சியாளரின் பொய்யை அறுவை செய்த அந்தக் கத்தி, வாக்காளரின் பக்கம் திரும்பியபோது மழுங்கிவிட்டது.

அதற்காக அந்த முடிவின் தீர்க்கம் குறைந்துவிடாது. நான்கு ஆண்டுகளில், 1975 ஜூனில், நெருக்கடி நிலை வந்தது. துக்ளக் பத்திரிகை கறுப்பு அட்டையோடு வெளிவந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் பதவியை விட மனமில்லாமல் எதிர்த்துப் பேசியவர்களைத் துரோகிகள் என்று சொல்வதைப் பார்க்க நாட்டுக்கு டிக்கெட் வாங்க வேண்டியிருக்கவில்லை.

மேடைக்கும் அப்போது சுதந்திரம் கொஞ்சம்தான். சென்னை மாகாண நாடக நிகழ்ச்சிகள் சட்டம் 1954இல் வந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்தே கொண்டுவரப்பட்டது என்பார்கள். அதன்படி பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்கினால்தான் நாடகம் போடலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வழக்கம் நீடித்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில்தான் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பிரிவுகளைச் செல்லாது என்றது. நேரடியாகச் சொல்ல முடியாததை இறந்த சுல்தான் வாயால் சொல்ல வைப்பதில், கற்பனையைத் தவிர பாதுகாப்பும் இருந்தது. விஞ்ஞானக் கதைக்கு உலகெங்கும் இந்தப் பயன் உண்டு. சோவியத் நாட்டில் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் தொலைதூரக் கிரகங்களுக்குப் போய் எழுதியதற்கும் இதுவே காரணம்.

சோவுக்குப் பின் இந்தச் சரடைக் கையில் எடுத்தவர் சுஜாதா. அவருடைய ‘கடவுள் வந்திருந்தார்’ நாடகத்தைப் பூர்ணம் விஸ்வநாதன் மேடையேற்றினார். ஓய்வுபெற்ற சீனிவாசன் வீட்டுக்கு எதிர்காலத்திலிருந்து ஜோ என்ற ஒருவன் வருகிறான். சீனிவாசன் கண்ணுக்கு மட்டும் தெரிவான். வீட்டிலும் தெருவிலும் உள்ளவர்களுக்குத் தெரியாது. விண்கலம், உலோக உடை, மின்னும் விளக்கு எதுவும் வேண்டாம்: மற்றவர்கள் அவனைப் பார்க்காதது போல் நடித்தால் போதும். சபா மேடைக்கென்றே அளவெடுத்துத் தைத்த விஞ்ஞானம் இது. முதலில் ஊர் அவரைப் பைத்தியம் என்கிறது. வேப்பிலை அடிக்கிறது. பிறகு அதே ஊர் அவரைத் தெய்வமாக்கிக் காலில் விழுகிறது. நடுவில் ஒரு நிலை இல்லை. ஒரு விருந்தாளி வந்திருக்கிறான், அவனிடம் என்ன கேட்கலாம் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. துக்ளக்கைவிட இந்த நாடகம் எனக்கு நெருக்கமானது. ஏனென்றால் இங்கே கூட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது. மனைவி, மகள், அண்டை வீட்டார் என்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அதே மனிதர்கள்தான் மேடையிலும் விழுந்து கும்பிடுகிறார்கள். சிரிப்பு திரும்பி வந்து சிரித்தவர் மேல் விழுகிறது.

பிறகு 1980களில் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ வந்தது. தமிழில் முறையான டிஸ்டோபியா நாவல் என்றால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். 2021இல் இந்தியாவை ஜீவா ஆள்கிறார். பெயர்கள் இரண்டெழுத்துக்கு மேல் போகக்கூடாது: நிலா, சிபி, ரவி, மனோ. குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். முதியவர்களுக்கு உயிரோடிருக்க ஒரு வயது வரம்பு. நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். வீட்டுக்கு வந்து சேரும் ரவியும் மனோவும் ஜீவாவை ஒழிக்கத் திட்டமிடுகிறார்கள். அவர்களோடு வரும் இயந்திர நாய் ஜீனோ, தமிழ் வாசகர் நெஞ்சில் மனிதப் பாத்திரங்களைவிட ஆழமாகக் குடியேறியது. இது பின்னர் தூர்தர்ஷன் தொடராகவும் எடுக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டை அரசுத் தொலைக்காட்சியின் பட்ஜெட்டில் காட்ட வேண்டிய சங்கடம் அதற்கு இருந்தது. ஆனால் கதையின் சக்தி கருவிகளில் இல்லை. ஜீவா என்ற மனிதரே கிடையாது என்பதில் இருக்கிறது. மக்கள் பார்த்துப் பணியும் தலைவர் ஒரு ஹோலோகிராம், ஒளியால் ஆன பிம்பம். அதை வீழ்த்தியபின் நிலா அரசியாகிறாள். தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வில் அவள் வெறும் பொம்மை, புரட்சி செய்த ரவியும் மனோவும் பின்னாலிருந்து ஆள்கிறார்கள்.

இந்த இடத்தில் துக்ளக்கோடு உள்ள ஒற்றுமை தற்செயலாகத் தோன்றவில்லை. ஆள்பவர் உண்மையில் இல்லாதவர். அதை அம்பலப்படுத்த வந்தவர்களே அந்த வெற்றிடத்தை வசதியாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். மகாதேவன் செய்ததை ரவியும் மனோவும் செய்கிறார்கள். ரஷ்யாவில் சம்யாதின் ‘நாங்கள்’ நாவலில் ஆள்பவரை உருவாக்கியபோது அவரை நேரில் சந்திக்க முடிந்தது, வாதாட முடிந்தது. ஆர்வெல்லிடம் பெரியண்ணன் இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வி திறந்தே இருக்கும். சென்னையின் இரண்டு கதைகளும் அந்தக் கேள்விக்குத் தயங்காமல் ‘இல்லை’ என்கின்றன. வெள்ளித்திரையில் ஒளியாகப் பார்த்த முகங்களைக் கோட்டையில் உட்கார வைத்த மாநிலத்தில், தலைவர் என்பவர் ஒரு பிம்பம் என்ற எண்ணம் எழுத்தாளருக்குத் தேடாமலே கிடைத்திருக்கும். சுஜாதாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பெங்களூர் பெல் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவாக்கிய பணியில் அவர் பங்கெடுத்தவர். மக்களின் விருப்பம் ஓர் இயந்திரத்துக்குள் போய் எண்ணாக வெளிவருவதை அருகிலிருந்து கண்டவர்.

அதற்குப் பின் வந்த தமிழ் சினிமா இந்தச் சரடைப் பெரிதாகத் தொடரவில்லை. விஞ்ஞானக் கதை என்றால் பெரும் செலவு என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ‘எந்திரன்’ அதை உறுதிப்படுத்தியது. ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’ 2015இல் சிக்கனமாகக் காலப் பயணம் செய்து காட்டியது, ஆனால் அரசியலைத் தொடவில்லை. மலையாளத்தில் அருண் சந்து இயக்கிய ‘ககனசாரி’ 2024இல் வந்தபோது, எதிர்காலக் கேரளத்தை ஒரு அடுக்குமாடி வீட்டுக்குள் ஆவணப்படம் போல் எடுத்து நையாண்டி செய்திருந்தார்கள். சபாவின் சோபாவையும் இரண்டு வாசல்களையும் வைத்துக்கொண்டு நாம் எப்போதோ செய்த காரியம் அது.

எனினும் ஒரு படத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ராஜு முருகனின் ‘ஜோக்கர்’, 2016. தருமபுரிப் பக்கத்தில் மன்னர் மன்னன் என்பவர் தன்னை இந்தியக் குடியரசுத் தலைவர் என்று அறிவித்துக்கொண்டு உத்தரவு போடுகிறார். மறுபடியும் ஒரு போலி ஆட்சியாளர். ஆனால் இவர் மேலேயிருந்து வந்து ஏமாற்றுகிறவர் அல்லர். அரசுக் கழிப்பறைத் திட்டத்தில் நடந்த ஊழலால் மனைவி மல்லி உயிர்ப்பிணமாகக் கிடக்க, அந்த அநீதிக்கு எந்த வாசலும் திறக்காமல் போனதால் குடியரசுத் தலைவராகிறவர். குரு சோமசுந்தரம் அந்த வேடத்தில் நிற்கும்போது, துக்ளக் படத்தில் முகமில்லாமல் நின்ற கூட்டத்திலிருந்து ஒருவர் கடைசியில் வெளியே வந்து தன் பெயரையும் ஊரையும் சொல்வது போல் இருக்கிறது. சோ விட்டுவைத்த கடனை அந்தப் படம் தீர்த்தது என்றே கருதுகிறேன்.

இப்போது யாராவது தென்சென்னையில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் இந்த வகைப் படம் ஒன்று எடுக்க நினைத்தால் கதை அவருக்காகக் காத்திருக்கிறது. 2018இல் மறைந்த மு. கருணாநிதி 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய காட்சியாகத் திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். அடுத்த மாதமே, 2016இல் மறைந்த ஜெயலலிதாவின் குரலை அதே வழியில் உருவாக்கி, அவர் பிறந்தநாளான பிப்ரவரி 24 அன்று அ.தி.மு.க. வெளியிட்டது. இரண்டு கட்சிகளும் எதையும் ஒளிக்கவில்லை. செயற்கை நுண்ணறிவு என்று எல்லோருக்கும் தெரியும், செய்திகளிலும் அப்படியே சொன்னார்கள். கேட்டவர்கள் உருகினார்கள், கைதட்டினார்கள். அன்பில் செய்த காரியத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. தலைவரை இழந்த தொண்டரின் துக்கம் உண்மையானது.

ஆனால் கதை எழுதுகிறவருக்கு இங்கே கடினமான வேலை ஒன்று இருக்கிறது. 1971இல் ராகவனிடம் ஓர் ஆயுதம் இருந்தது. ‘இவன் துக்ளக் இல்லை’ என்று அவன் சொல்ல முடியும். அந்த ஒரு வாக்கியத்துக்கு மகாதேவன் பயந்தான், அதற்காகவே அவனைக் கொல்ல வேண்டியிருந்தது. இன்றைய பொதுக்கூட்டத்தில் ராகவன் மைக்கைப் பிடித்து அதையே சொன்னால் யாரும் கல்லெடுக்க மாட்டார்கள். தெரியும் தம்பி, உட்காருங்கள் என்பார்கள். அம்பலப்படுத்த ஒன்றும் மிச்சமில்லாத அந்தக் கூட்டத்தின் நடுவே அவன் அடுத்து என்ன பேச வேண்டும் என்பதை எழுதிவிட்டால் படம் கிடைத்துவிடும். செலவு, வழக்கம்போல, ஒரு மேடையும் ஒரு மைக்கும்தான்.